சம்பந்திகள் தின்ற இலை

கோகோமுக்குத் தெரியாத இலை சிபாகுவில் முளைப்பதில்லை. இதை முதலில் ஊர் சொன்னதா, கோகோம் சொல்லி ஊர் ஒத்துக்கொண்டதா என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. அவள் தெருவில் நடந்து போனால் வேலிகளெல்லாம் ஒரே உயரத்தில் மொட்டையாகும். அந்த உயரம் அவள் கை எட்டும் உயரம். பக்கத்து வீட்டில் துக்கம் விசாரித்துக்கொண்டு நின்றாலும் அவள் விரல்கள் தன்பாட்டுக்கு முந்திரிக் கொழுந்தைக் கிள்ளி மடியில் சேர்த்துக்கொண்டிருக்கும். யாரும் தடுப்பதில்லை. வேலியில் தளிர்த்தது எல்லார் சோற்றுக்கும் பொது. கேட்டுப் பறிப்பவனைத்தான் இங்கே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சோறு, கருவாடு, கல்லில் நசுக்கிய மிளகாய்ச் சம்பல், பக்கத்தில் குவியலாகப் பச்சை இலை. வேகவைக்காமல், கழுவி உதறிய இலை. மேற்கு ஜாவாவின் மலைப்பக்கத்துச் சுந்தாக்காரர்களுக்கு அது இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கில் வராது. ஜகார்த்தாவில் வேலை பார்க்கும் கொழுந்தன் ஒருமுறை, "சுந்தாப் பொண்ணக் கட்டிக்கிட்டா செலவே இல்லையாம் அண்ணி, காலையில தோட்டத்துல அவுத்து விட்டாப் போதும்னு எங்க ஆபீஸ்ல சிரிக்கிறாங்க" என்றான். "ஆடு சம்பல் அரைக்குமான்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு" என்றாள் கோகோம். அவன் அப்போது வாயில் வல்லாரையை மென்றுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கோகோமின் வயிற்றில் பிறந்த ஒரே மகள் விவின், பாண்டுங் போகிற நெடுஞ்சாலையில் ஒரு செடிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே விற்பவை எல்லாம் அலங்காரச் செடிகள். கார்க்காரர்கள் நிறுத்தி, தொட்டியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். "திங்க முடியாத செடியக் காசு குடுத்து வாங்குறவனும் இருக்கான், அதுக்குத் தண்ணி ஊத்த எம் பொண்ணும் இருக்கா" என்று கோகோம் அடுப்பிடம் புலம்புவாள். வெளியே கேட்டால், மகள் விவசாயத் துறையில் இருக்கிறாள் என்பாள்.

அந்தக் கடைக்கு உரம் கொண்டுவந்து இறக்கிய யாயனைத்தான் விவினுக்குப் பிடித்துப்போனது. பையன் தங்கமானவன். ஆனால் அவன் பாசிர் முன்சாங் ஊர்க்காரன், அதைவிட, தித்திமின் மகன். அந்தப் பள்ளத்தாக்கில் தித்திமுக்குத் தெரியாத இலை முளைப்பதில்லை.

இரண்டு முறை பெரியவர்கள் கூடிப் பேசியாயிற்று. இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் யார் வீட்டில் இருப்பது? மகள் இருக்கும் வீட்டுக்கு மருமகன் வருவதுதான் முறை என்றாள் கோகோம். ஒரே பையனும் ஒரு மீன்குளமும் இருக்கிற வீட்டை விட்டு அவன் எப்படி வருவான் என்றாள் தித்திம். பேச்சு குளத்திலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதோடு தின்கிற இலைக்கும் போய், யார் பக்கத்துப் பொஹ்பொஹான் இலையில் மாங்காய் வாசனை தூக்கல் என்பதில் வந்து முடிந்தது. கணவன்மார்கள் இருவரும் வெளியே போய்ப் புகை பிடித்தார்கள்.

கோகோமுக்கு ஒன்று நன்றாகப் புரிந்திருந்தது. இலை விஷயத்தில் தித்திமிடம் ஒருமுறை தலை குனிந்தால், அப்புறம் மகள் விஷயத்தில் நிமிர முடியாது. விவின் ஐந்து வீடு தள்ளிப் போனாலே அவளுக்குச் சோறு இறங்காது. மலைக்கு அந்தப் பக்கம் போவதை நினைக்கவே முடியவில்லை.

மூன்றாவது கூட்டம் கோகோம் வீட்டில். தெருத் தலைவர் சாசாவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாவிட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருப்பார். கூடத்தின் நீளத்துக்கு வாழையிலைகளை விரித்து, நடுவில் சூடான சோற்றைக் கொட்டிப் பரப்பி, கருவாடும் பொரித்த மீனும் சம்பலும் வைத்தாயிற்று. கணவனோடும் மகனோடும் வந்திருந்த தித்திம் ஒரு மூங்கில் கூடையைக் கோகோமின் முன் நகர்த்தினாள்.

"வெறுங்கையோட வரக் கூடாதுல்ல சம்பந்தி. ஏதோ எங்க பக்கத்து இலை, ஏழு தினுசு. உங்களுக்கு இதெல்லாம் சாதாரணம்."

"ஐயோ, இவ்வளவு தூரம் சுமந்துக்கிட்டு வரணுமா? எங்க ஊரு ஆடுங்களே தின்னு சலிச்சுப்போச்சு, திங்க ஆளில்லாம இலை அவ்வளவு கிடக்கு" என்றாள் கோகோம் சிரித்துக்கொண்டே.

கூடையைப் பிரித்தாள். வல்லாரை, முந்திரிக் கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை, காம்போடு சுண்டைக்காய், இன்னும் இரண்டு காட்டு இலை. ஒவ்வொன்றையும் பார்க்காமலே பெயர் சொல்லி எடுத்து வைத்தாள். அடியில் ஏழாவது இருந்தது. இன்னும் விரியாத, சுருட்டிய பாய் மாதிரியான இளங்குருத்து, ஈரமாக, தடித்த காம்போடு. விரித்துப் பார்த்தால் பச்சையில் வெள்ளைப் பொட்டுகள் தெறித்திருந்தன.

கோகோமின் கை ஒரு கணம் நின்றது. இது அவளுக்குத் தெரியாத இலை.

நிமிர்ந்தாள். தித்திம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஹோ, என்னைச் சோதிக்கவா கொண்டுவந்தாய் என்று கோகோமுக்குத் தோன்றியது. சேம்பு வகையில் பச்சையாகத் தின்கிற ஒரே கொழுந்து ஓடையோரத்துச் சாரியாங்தான். இதுவும் சுருண்டிருக்கிறது, அதுவும் சுருண்டிருக்கும். போதாதா?

"மலைச் சாரியாங். பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். "எங்கம்மா புள்ள பெத்தவளுக்கு இதத்தான் குடுப்பாங்க."

தித்திமின் முகம் மலர்ந்தது. "அதேதான். எங்க பக்கம் மூட்டு வலிக்குன்னே தேடிப் போவாங்க."

"மூட்டு வலிக்குக் காம்பு. ரத்தத்துக்குக் கொழுந்து."

"சர்க்கரைக்கும்."

"சர்க்கரைக்கு வெறும் வயித்துல."

"வீட்டுக்காரர் வெளிய சுத்தாம இருக்கறதுக்கும் குடுப்பாங்க" என்றாள் தித்திம், ரகசியம் போல.

கோகோமின் கணவன் ஊசெப் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "அப்ப எனக்கு வேணாம்" என்றான். தித்திமின் கணவன் ஓமோ ஒன்றும் பேசாமல் தன் பக்கம் இருந்த இலைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.

காபித் தண்ணீர் கொண்டுவந்த விவின் குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இது தொட்டியில வைக்கிற செடி மாதிரி இருக்கே."

"தொட்டியில வச்சா செடியோட குணம் மாறிடுமா?"

"இல்லம்மா, எங்க கடையில இருக்கு. மகிழ்ச்சி இலைன்னு சொல்லி விக்கிறோம். வெட்டும்போது கையுறை போட்டுக்கச் சொல்லுவாரு முதலாளி. பால் பட்டா அரிக்கும்."

சாசா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில், 'சரி, எதுக்கு வம்பு, எடுத்து ஓரமா வை' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்கு வேண்டியது ஒரு சிரிப்பும், ஒருவேளை எனக்குத் தெரியவில்லையோ என்கிற ஒரு வாக்கியமும். சிரிப்பு அவளிடம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் பயன்படுத்தியதே இல்லாததால் அது எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை. தித்திம் கொண்டுவந்தது, தித்திமுக்குத் தெரியாமலா இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"கடைக்காரன் சீனாக்காரன்கிட்டச் செடி வாங்குறவன். அவனுக்கு என்ன தெரியும் இலையப் பத்தி" என்றாள்.

"அதானே" என்றாள் தித்திம். ஆனால் குரல் முன்னைவிட மெல்லியதாக இருந்தது.

"அப்ப எடுத்துக்குங்க சம்பந்தி. நீங்க விருந்தாளி, நீங்கதான் முதல்ல."

"ஐயோ, வீட்டுக்காரம்மா கை வைக்காம நான் எப்படி? எங்க ஊர்ல அப்படிப் பழக்கமில்ல."

"எங்க ஊர்ல விருந்தாளிய விட்டுட்டுத் தின்னா வாய் கோணிப்போகும்."

"நீங்க பெரியவங்க."

"யாரு? நானா? நீங்க என்னைவிட மூணு லெபாரான் பெருநாள் கூடப் பாத்தவங்க."

தங்களைப் போல மரியாதை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இல்லை என்பது சுந்தாக்காரர்களின் எண்ணம். அந்த மரியாதையில் ஆள் செத்ததாக இதுவரை செய்தி இல்லை. அன்றைக்கு நெருங்கி வந்தது. கடைசியில் சாசாதான், சோறு ஆறுகிறதே என்ற கவலையில், "ரெண்டு பேரும் ஒண்ணா எடுத்துக்குங்களேன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

இருவரும் ஆளுக்கொரு குருத்தைச் சம்பலில் தோய்த்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி கடித்தார்கள்.

முதலில் மிளகாய் தெரிந்தது. பிறகு யாரோ ஊசிப் பெட்டியை நாக்கில் கவிழ்த்தார்கள். கோகோம் துப்பவில்லை. எதிரே தித்திமும் துப்பவில்லை. தித்திமின் கண்ணில் நீர் கோத்து நின்றது. கோகோம் அதைப் பார்த்து, தான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைத்தாள். தன் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"நல்லா... சுள்ளுன்னு இருக்கு" என்றாள் தித்திம்.

"இளங் கொழுந்து இல்லையா" என்று சொல்லத் தொடங்கிய கோகோமின் வாயிலிருந்து, "இலங் கொலுந்லு" என்று வந்தது. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. நாக்கு வாய்க்குள் ஒரு விருந்தாளியைப் போலக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. உதடுகள் கெளுத்தி மீனின் உதடுகளாயின. விவின் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வாயைக் கொப்புளிக்க வைத்தாள். யாயன் உர வண்டியைக் கிளப்பினான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். "என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். கோகோம் தித்திமைச் சுட்டிக் காட்டினாள். தித்திம் கோகோமைச் சுட்டிக் காட்டினாள். விவின்தான் செடியின் பெயரைச் சொன்னாள்.

"அதப் போயி எதுக்குத் தின்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரிஞ்ச இலைங்க" என்றான் ஊசெப்.

நர்ஸ் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஊசி போட்டு, குளிர்ந்த பாலைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொன்னாள். தொண்டை வீங்கவில்லை, பயமில்லை, மூச்சு முட்டினால் மட்டும் உடனே கொண்டுவாருங்கள் என்றாள். "நாளைக்கு வரைக்கும் பேச்சு வராது."

"நாளைக்கு வரைக்கும்தானா? கொஞ்சம் நீட்டிக்க வழியிருக்கா?" என்றான் ஊசெப். ஓமோ வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். அவன் தோள்கள் குலுங்கின.

வீடு திரும்பியபோது வாசலில் அக்கம்பக்கம் கூடியிருந்தது. எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. கோகோம் நிமிர்ந்த தலையோடு, கையை விசிறி, மிளகாய் காரம் என்று சைகை காட்டினாள். பின்னால் வந்த தித்திமும் அதே மாதிரி விசிறினாள். அந்த நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

தாடையைச் சுற்றி ஈரத்துணி கட்டிய இருவரையும் பாயில் உட்கார வைத்தார்கள். சாசா அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார். கூட்டம் கூட்டப்பட்டது, கலைக்கப்படவில்லை, ஆகவே நடத்திவிடலாம் என்றார். யாயனும் விவினும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாயன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"செடிக்கடைக்குப் பின்னாடி ரெண்டு அறை காலியா இருக்கு. முதலாளி எங்களுக்குத் தர்றேங்குறாரு. விவினுக்கு வேலை பக்கம், எனக்கும் வண்டி நிறுத்த வசதி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல."

நடுவில் என்பது பையனின் நல்ல மனசு. நெடுஞ்சாலை இரண்டு ஊருக்கும் சம தூரத்தில் இருந்தது, அதாவது இரண்டுக்கும் தூரத்தில். தின்ன முடியாத செடிகளுக்கு நடுவே, வேலியில் ஒரு கொழுந்துகூடக் கிள்ள முடியாத இடத்தில் தன் மகள் குடித்தனம் நடத்துவதைக் கோகோம் கற்பனை செய்தாள். வயிற்றிலிருந்து கிளம்பிய கத்தல் நாக்கு வரை வந்து, வழியில்லாமல் திரும்பிப் போனது. "ஊ" என்று மட்டும் கேட்டது. பக்கத்தில் தித்திமும் "ஊ" என்றாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் சாசா.

"சந்தோஷம்ங்கறா" என்றான் ஊசெப்.

கோகோம் வெட்டுவது போலத் தலையை ஆட்டினாள். துணிக்கட்டு அவிழ்ந்து கண்ணை மறைத்தது.

"கோகோமக்கா, தலையாட்டுறது எந்தப் பக்கம்னு புரியல. பின்னாடி வழக்கு வரும். ஆட்சேபம் இருந்தா வாயத் தொறந்து சொல்லணும்" என்றார் சாசா. "ஏன், வாய் முடியலையா? இலை ஏதும் ஒத்துக்கலையா?"

வாசலில் அக்கம்பக்கம் இன்னும் நின்றது. கோகோம் துணியைச் சரிசெய்தாள். மெதுவாக, மிகுந்த கம்பீரத்தோடு, மறுபடியும் மிளகாய் என்று விசிறிக் காட்டினாள்.

"அப்பச் சரி. மணப்பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குறோம். அம்மாமாருக்கும் அதே முறைதான்" என்றார் சாசா. ஓமோ, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்று உரக்கச் சொன்னான்.

தித்திமால் அன்றைக்குப் பயணம் செய்ய முடியவில்லை, கணவனோடு தங்கிவிட்டாள். மறுநாள் உச்சிவேளையில் இருவருக்கும் பேச்சு திரும்பியது. கோகோம் சமையல்கட்டில் கருவாடு பொரிக்க, தித்திம் அருகில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நடந்தது செல்லாது சம்பந்தி."

"எப்படிச் செல்லும்?"

"நமக்குப் பேச்சே வரல. வாய் கட்டிப்போன நேரத்துல வாங்குனது சம்மதமா? சாசாகிட்டச் சொல்லிக் கலைச்சிடுங்க. அப்புறம் உங்க வீடா எங்க வீடான்னு நாம பாத்துக்கலாம்."

"நானா சொல்லணும்? நீங்க சொல்லுங்க."

"உங்க ஊருத் தலைவரு."

"என்னன்னு சொல்றது?"

"இலையத் தின்னு நாக்கு வீங்கிப்போச்சுன்னு."

கோகோம் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "என்ன இலைன்னு கேப்பான்."

தித்திம் ஒரு சுள்ளியை அடுப்பில் தள்ளினாள். எண்ணெய் சடசடத்தது.

"சம்பந்தி, உண்மையச் சொல்லுங்க" என்றாள் கோகோம். "அது எங்க பறிச்சது?"

"வர்ற வழியில வண்டி நின்னுச்சு. அந்தப் புது விடுதிக்குப் பின்னாடி, சாக்கடையோரம். ஆறு தினுசுதான் இருந்துச்சு, ஏழாக்கலாம்னு. இளசா இருந்துச்சா, கை சும்மா இருக்கல." தித்திம் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "உங்க எல்லையில முளைச்சது, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். நீங்களும் பாத்ததும் டக்குன்னு பேரு சொன்னீங்க."

"நீங்க கொண்டுவந்ததுன்னுதான் நான் சொன்னேன்."

இருவரும் கருவாட்டைப் பார்த்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஈச்சோ, விரல்களால் வேலியை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நேத்து ஏதோ மலைச் சாரியாங்காமே? மூட்டு வலிக்கு நல்லதாம், சாசா சொன்னாரு. எங்க பறிக்கலாம்? எங்க மாமியாருக்குக் குடுக்கணும்."

கோகோம் திடுக்கிட்டு எழுந்தாள். இலை விஷயத்தில் அவள் சொன்னதை ஊர் அப்படியே செய்கிற இடம் இது. மாலைக்குள் ஈச்சோவின் மாமியார் வாயில் அந்தக் குருத்து இருக்கும்.

"தொடாத" என்றாள். "அது எல்லாருக்கும் ஆகாது. பறிக்கிற நாள் இருக்கு, பக்குவம் இருக்கு. எனக்கும் சம்பந்திக்கும் பழக்கம், தாங்குச்சு. உன் மாமியார் தாங்க மாட்டாங்க."

"சாமானியப்பட்ட உடம்புக்கு ஆகாதும்மா" என்றாள் தித்திம் அடுப்படியிலிருந்து.

ஈச்சோ பயபக்தியோடு வேலியை மூடிக்கொண்டு போனாள். கோகோம் திரும்பி வந்து உட்கார்ந்தபோது, நேற்றுவரை இல்லாத ஒன்று இருவருக்கும் நடுவே வந்திருந்தது. பாசம் என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில் திருடிய இருவருக்கு இடையே இருக்குமே, அது.

பிற்பகல் தொழுகை முடிந்து சாசா வந்தார். பள்ளிவாசலில் செய்தியை அறிவிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னார். ஊசெப்பும் ஓமோவும் தின்பண்டத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். விவின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நேத்து பேசுனதுல ஏதாவது மாத்தம் உண்டா? ஏன் கேக்குறேன்னா, ஊர்ல ஒரு பேச்சு. அம்மாமார் ரெண்டு பேரும் வாயே திறக்கலையாம், வாய் வீங்கிக் கிடந்தாங்களாம், ஏதோ விஷ இலையத் தின்னுட்டாங்களாம். அப்படின்னா நேத்துப் பேச்சைத் தள்ளிவச்சிட்டு மறுபடி உட்காரலாம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல."

கதவு திறந்து கிடந்தது. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். மகள் இந்த வீட்டுக்கூடத்திலேயே இருப்பாள், அல்லது இருப்பதற்காகச் சண்டையாவது போடலாம். கோகோம் தித்திமைப் பார்த்தாள். தித்திம் தன் கைலி மடிப்பைப் பார்த்தாள்.

"விஷ இலையா? நானா?" என்றாள் கோகோம். "யார் சொன்னது? மனசு நெறஞ்சிருந்துச்சு, அதான் பேச்சு வரல. புள்ளைங்க அவங்க சௌகரியப்படி இருக்கட்டும்."

"எனக்கும் அதேதான்" என்றாள் தித்திம். "நெறஞ்சுபோச்சு."

நிலையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. விவின் உள்ளே போய்விட்டாள். சமையல்கட்டில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று தலைத்துணி நுனியை வாயில் வைத்துச் சிரிக்கிற சத்தம்.

எல்லாரும் போன பிறகு ஊசெப் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேலி செய்யத்தான் வாயைத் திறந்தான், ஆனால் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஒத்தப் பொண்ண ரோட்டோரத்துக்கு அனுப்பிட்டியேடீ. ஒரு இலைக்காக."

கோகோம் மிளகாயைக் கல்லில் போட்டு நசுக்கினாள். நாக்கின் நுனி இன்னும் மரத்திருந்தது, உப்பு சரியா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மிளகாய்தான் காரணம் என்று சொல்லக்கூடிய அளவுக்கு மிளகாய் போட்டிருந்தாள்.

"இலை நல்ல இலைதான்" என்றாள். "பறிச்சவ கைதான் சரியில்ல."